9,480 ரூபாய் டிக்கெட் 13,120 ஆனது எப்படி: விமான டிக்கெட் தளங்கள், என் நோட்டுக் கணக்கில்

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் 14 வருஷமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். வருமானச் சான்று, பட்டா, பாஸ்போர்ட் விண்ணப்பம் இவைதான் அன்றாட வேலை. கூடவே விமான டிக்கெட்டும் போட்டுக் கொடுப்பேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ ஆள் இல்லாத வீடு குறைவு. நான் ஏஜென்ட் இல்லை. எந்தக் கம்பெனியும் எனக்குக் கமிஷன் தருவதில்லை. வருகிறவர்களின் சொந்தக் கார்டிலோ யு.பி.ஐ.யிலோ அவர்கள் கண்முன்னே போட்டுக் கொடுத்துவிட்டு டைப்பிங் சார்ஜ் 100 ரூபாய் வாங்குவேன், அவ்வளவுதான். எந்தத் தளத்தில் போட்டாலும் எனக்கு அதே நூறுதான் என்பதால் பயமில்லாமல் எழுதுகிறேன்.

போன நவம்பரில் கீரனூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்கு சிங்கப்பூரில் ஜனவரி முதல் வாரம் பிரசவம். மருமகன் விசா எடுத்து அனுப்பிவிட்டார். அம்மா கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் பாஸ்போர்ட், விசா பிரிண்ட், வேட்டித் துணியில் முடிந்த பணம். "ஏம்மா, ஒம்பதாயிரத்துக்கு டிக்கெட் இருக்குன்னு பக்கத்து வீட்டுப் பையன் போன்ல காட்டுனான். அதையே போட்டுக் குடுத்துரு" என்றார். பையன் காட்டியது பொய்யில்லை. நான் தேடியபோதும் 9,480 என்று வந்தது. ஆனால் அந்த விலையில் அந்த அம்மா போக முடியாது. அன்று மதியம் கடையில் கூட்டமில்லை. அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, நான் வழக்கமாகப் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் ஒரே பயணத்தைத் தேடி நோட்டில் எழுதினேன். அந்த நோட்டுக் கணக்குதான் இது. விலை தினமும் மாறும் என்பதால் எந்த ரூபாய் எந்த நிறுவனத்துடையது என்று எழுதப்போவதில்லை. கணக்கு எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் போதும்.

முதலில் அந்த 9,480. பட்ஜெட் விமானம், கையில் எடுத்துப்போகும் பைக்கு மட்டும் இடம். பிரசவத்துக்குப் போகிற தாய் கைப்பையோடு போவாரா? பிள்ளை பெற்றவளுக்கு லேகியம், பூண்டு, மருந்துப் பொடி, குழந்தைக்குப் பழைய காட்டன் சேலையில் கிழித்த துணிகள், முறுக்கு, அதிரசம் என்று 20 கிலோவுக்குக் குறையாது. பெட்டிக்கான எடையைச் சேர்த்ததும் 3,100 கூடியது. கடைசிப் பக்கத்தில் பணம் செலுத்தும் கட்டணம் என்று 540. மொத்தம் 13,120. அதே நாளில் இன்னொரு நிறுவனம் 11,650 காட்டியது, பார்வைக்கு அது விலை கூடியது. அதில் பெட்டி எடை உள்ளேயே சேர்ந்திருந்தது. 450 கட்டணத்தோடு 12,100-ல் முடிந்தது. பட்டியலில் மேலே நின்றது கூட்டிப் பார்த்தால் 1,020 ரூபாய் அதிகம். கட்டட வேலைக்குப் போகிற வீட்டில் 1,020 ரூபாய் சின்னத் தொகை இல்லை.

இதனால்தான் எந்தத் தளத்தைப் பற்றிச் சொல்லும்போதும் ஒரு கேள்வியோடுதான் பார்ப்பேன்: கடைசி விலையை எவ்வளவு சீக்கிரம் காட்டுகிறது?

தேடுவதற்கு நான் முதலில் திறப்பது கூகுள் ஃபிளைட்ஸ். இது டிக்கெட் விற்கும் கடை இல்லை. விமானங்களின் கட்டணத்தைத் தேடும் மென்பொருள் செய்துவந்த ஐ.டி.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தை கூகுள் வாங்கி, 2011-ல் இதைத் தொடங்கியது. வேகம் அதிலிருந்து வந்ததுதான். நம் ஊர் நெட்டிலும் சட்டென்று விரியும். இதில் எனக்கு உயிர் எதுவென்றால் தேதிக் கட்டம். போகும் தேதி ஒரு பக்கம், வரும் தேதி ஒரு பக்கம், நடுவில் விலைகள். அந்த அம்மா டிசம்பர் 28-க்குக் கேட்டார், பேரப்பிள்ளை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது போனால் போதும் என்று. கட்டத்தில் 28, 29, 30 மூன்று நாளும் மற்ற நாட்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

காரணம் எங்களுக்குத் தெரிந்ததுதான். சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு ஜனவரி தொடக்கத்தில் திறக்கும். நவம்பர் கடைசியில் விடுமுறைக்கு ஊருக்கு வந்த குடும்பங்கள் எல்லாம் அந்த மூன்று நாளில்தான் திரும்பிப் போகும். டிசம்பர் முதல் பாதியில் கூட்டம் எதிர்த்திசையில் இருக்கும், அங்கிருந்து இங்கே. அப்போது இங்கிருந்து போகிற விமானத்தில் இடம் கிடக்கும். ஜூன் மாதத்திலும் இப்படித்தான், அங்கே அது நான்கு வார விடுமுறை. அம்மாவிடம் சொன்னேன்: "டிசம்பர் 10 போனீங்கன்னா பாதி விலை. மக கூடயும் கொஞ்ச நாள் முன்னாடியே இருக்கலாம்ல." அவர் மகளுக்கு வாட்ஸ்அப்பில் பேசி ஒத்துக்கொண்டார். மேலே எழுதிய விலைகள் எல்லாம் அந்த 10-ஆம் தேதிக்கானவை.

பொதுவாகச் சொல்வார்களே, செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு, ராத்திரி வாங்கினால் மலிவு என்று, அதையெல்லாம் நான் நம்புவதில்லை. வாங்குகிற கிழமையைவிடப் பறக்கிற தேதிதான் விலையைத் தீர்மானிக்கிறது. ஒரே விமானத்தில் ஒரே மாதிரி சீட்டுகளுக்கே பல விலைப் படிகள் வைத்திருப்பார்கள். கீழ்ப்படியில் இருக்கிற சீட்டுகள் தீர்ந்தால் அடுத்த படி. பிரவுசரில் குக்கீயை (நாம் தேடியதை நினைவில் வைக்கும் சிறு பதிவை) அழித்தால் விலை இறங்கும் என்று கடைக்கு வரும் பையன்கள் சொல்வார்கள். நான் இரண்டு கம்ப்யூட்டரிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒரே விலைதான் வந்தது. விலை கண்ணெதிரே ஏறினால் பெரும்பாலும் யாரோ அந்தப் படியின் கடைசி சீட்டை எடுத்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

இந்தப் படிகளால் வரும் ஒரு நஷ்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. குடும்பமாக நான்கு பேருக்குத் தேடினால், கீழ்ப்படியில் இரண்டு சீட்டுதான் மிச்சம் என்றால், பெரும்பாலான தளங்கள் நான்கு பேருக்கும் மேல்படி விலையையே காட்டும். முதலில் ஒருவருக்குத் தேடிப் பாருங்கள். பிறகு நான்கு பேருக்கு. தலைக்கு விலை மாறினால் இரண்டு இரண்டாகப் பிரித்துப் போடலாம். ஒருமுறை அறந்தாங்கிக் குடும்பத்துக்கு இப்படிப் பிரித்ததில் 2,600 மிச்சமானது. குழந்தை இருந்தால் மட்டும் பெற்றோரில் ஒருவரோடு ஒரே பி.என்.ஆரில் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன்.

கூகுளின் விலை எச்சரிக்கையும் நல்ல வசதி. வழியைக் குறித்து வைத்தால் விலை ஏறினாலும் இறங்கினாலும் மின்னஞ்சல் வரும். குறை என்றால் லக்கேஜ் கணக்குதான். முதல் பட்டியலில் எல்லா விமானங்களையும் வெறும் விலையிலேயே வரிசைப்படுத்துகிறது. பெட்டி சேர்ந்த டிக்கெட்டும் சேராத டிக்கெட்டும் ஒரே தராசில் நிற்கின்றன. பக்கத்து வீட்டுப் பையன் ஏமாந்தது அங்கேதான்.

அடுத்தது ஸ்கைஸ்கேனர். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தொடங்கிய நிறுவனம். 2016-ல் சீனாவின் சிட்ரிப் வாங்கியது, இப்போது அதன் பெயர் ட்ரிப்.காம் குழுமம். தேதி முடிவாகாதவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. 'முழு மாதம்' என்று கொடுத்தால் எந்த நாள் மலிவு என்று மாதம் முழுதும் காட்டிவிடும். எங்கே போவது என்றே முடிவாகாதவர்கள் 'எங்கும்' என்று கொடுத்துப் பார்க்கலாம். கல்யாணம் ஆன பிள்ளைகள் அப்படித் தேடி கொழும்பு போனார்கள், கோலாலம்பூர் போனார்கள்.

ஆனால் ஸ்கைஸ்கேனரில் தேடலாம், கண்ணை மூடிக்கொண்டு அதில் முதலில் வரும் கடையில் வாங்கக் கூடாது. ஒரே விமானத்தை விற்கும் பல ஏஜென்ட் தளங்களை அது விலை வரிசையில் நிறுத்தும். மேலே நிற்பது நாம் கேள்வியே படாத பெயராக இருக்கும். பக்கத்தில் நட்சத்திர மதிப்பு இருக்கும், அதை ஒரு தடவை தட்டிப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். விமான நிறுவனத்தின் சொந்த விலைக்கும் மேலே நிற்கும் ஏஜென்ட் விலைக்கும் பெரும்பாலும் 300, 400 ரூபாய்தான் வித்தியாசம்.

அந்த 400 ரூபாய்க்காக நாங்கள் பட்டதை எழுதுகிறேன். 2023-ல் என் அக்கா மகன் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்துவிட்டுத் திரும்ப வேண்டும். தேடலில் மேலே வந்த ஒரு வெளிநாட்டு ஏஜென்ட் தளத்தில் நானேதான் போட்டேன். டிக்கெட் வந்தது, பி.என்.ஆர். வந்தது, எல்லாம் சரி. பயணத்துக்கு நாலு நாள் முன்பு விமான நிறுவனம் புறப்படும் நேரத்தை மூன்று மணி நேரம் முன்னுக்கு இழுத்திருக்கிறது. செய்தியும் அனுப்பியிருக்கிறது. யாருக்கு? டிக்கெட்டில் இருந்த மின்னஞ்சலுக்கும் போனுக்கும். அந்த இரண்டுமே ஏஜென்ட்டுடையவை. என்னிடம் வாங்கிய எங்கள் நம்பரை அவர்கள் விமான நிறுவனத்துக்குக் கொடுக்கவேயில்லை. பையன் திருச்சி விமான நிலையத்துக்குப் போனபோது கவுண்டர் மூடியாகிவிட்டது. அங்கே கேட்டால் "நீங்கள் யாரிடம் வாங்கினீர்களோ அவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். ஏஜென்ட் தளத்தில் பேச ஆளே இல்லை, இயந்திரம் பதில் சொன்னது. மறுநாள் வேலையில் சேர வேண்டியவன். புதிதாக 19,000 கொடுத்து வேறு விமானத்தில் அனுப்பினோம். பழைய டிக்கெட்டில் வரிப் பணம் மட்டும் நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் போட்டுக் கொடுத்தது என் கை. அன்றிலிருந்து எந்தத் தளத்தில் போட்டாலும் அடுத்த நிமிஷம் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பி.என்.ஆரைப் போட்டுத் திறந்து, பயணியின் போன் நம்பரும் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் நானே சேர்ப்பேன். இரண்டு நிமிஷ வேலை. தயவுசெய்து எல்லோரும் இதைச் செய்யுங்கள்.

இதே வரிசையில் கிவி.காம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செக் நாட்டு நிறுவனம். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு விமான நிறுவனங்களின் டிக்கெட்டை ஒட்டி ஒரே பயணமாக விற்பார்கள். ஆஸ்திரேலியா, ஐரோப்பா மாதிரி தூரத்துக்குப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் விலை வரும். ஆனால் நடுவில் இறங்குகிற ஊரில் பெட்டியை நாமே எடுத்து, இமிகிரேஷன் சோதனை தாண்டி வெளியே வந்து, மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும். அந்த நாட்டு விசா இல்லாதவரால் வெளியே வர முடியாது. நடுவில் சிங்கப்பூர் என்றால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். கோலாலம்பூர் என்றால், ஏர்ஏசியா நிற்பது டெர்மினல் 2, பெரும்பாலான மற்ற நிறுவனங்கள் டெர்மினல் 1, நடுவில் ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். பழகிய இளவட்டங்கள் தெரிந்தே வாங்கினால் வாங்கட்டும். முதல்முறை பறக்கிறவர்களுக்கு நான் இதைப் போட்டுக் கொடுப்பதில்லை.

இனி நம் நாட்டுத் தளங்கள். மேக்மைட்ரிப், கோஐபிபோ, கிளியர்ட்ரிப், யாத்ரா, ஈஸ்மைட்ரிப், இக்சிகோ. பெயர் ஆறு என்றாலும் கடை ஆறு இல்லை. மேக்மைட்ரிப்பும் கோஐபிபோவும் 2017-லிருந்து ஒரே குழுமம். கிளியர்ட்ரிப் 2021-லிருந்து ஃபிளிப்கார்ட் கையில். அதனால் ஆறையும் திறந்து வைத்து ஒப்பிடுவதில் நேரம் வீண். நான் இரண்டு மட்டும் பார்ப்பேன், வருகிறவர் கையில் இருக்கும் கார்டைப் பொறுத்து. இவர்களின் பலமே அதுதான்: இந்த வங்கிக் கார்டுக்கு இந்தக் கிழமையில் இவ்வளவு தள்ளுபடி என்பார்கள். உள்நாட்டுப் பயணத்துக்குச் சரியான கார்டு இருந்தால் 1,000 ரூபாய்க்கு மேல்கூடக் குறைந்திருக்கிறது. யு.பி.ஐ. எடுக்கும், ஜி.எஸ்.டி. பில் ஒழுங்காக வரும். போக ஒரு நிறுவனம், வர இன்னொரு நிறுவனம் என்று ஒரே இடத்தில் போடலாம். இதையெல்லாம் மறுக்க முடியாது.

அந்த அம்மாவுக்கு இவற்றில் ஒன்றில் பார்த்தபோது அந்த வெறும் டிக்கெட் 9,150 என்று வந்தது, மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு. அடுத்த பக்கம் போனால்தான் தெரிந்தது, கூப்பன் தானாக ஒட்டி அதைக் கழித்த விலைதான் அந்த 9,150. அதற்கடுத்த பக்கத்தில் பயணக் காப்பீடு 349 தானாக டிக் ஆகியிருந்தது. அந்த டிக்கை எடுத்துவிட்டேன். "உங்கள் பயணத்தைப் பாதுகாப்பற்றதாக விடுகிறீர்களா?" என்று ஒரு பெட்டி வந்து கேட்டது. அம்மா பயந்துபோய் "இருக்கட்டும்மா, அத எடுக்காத" என்றார். இலவசமாக ரத்து செய்யும் வசதி என்று இன்னொன்று. பிறகு சீட்டு தேர்வு. சீட்டு தேர்வு கட்டாயம் இல்லை, தாண்டிப் போகலாம். நெட்டிலேயே போர்டிங் பாஸ் எடுக்கும் வெப் செக்-இன் செய்யும்போது இருக்கிற சீட்டை அவர்களே தருவார்கள். தாண்டுகிற பொத்தான் மட்டும் மங்கிய எழுத்தில் மூலையில் இருந்தது. எல்லாம் முடிந்து பணம் கட்டும் பக்கத்தில் வசதிக் கட்டணம் 599. கூப்பனில் குறைத்ததை அந்த வசதிக் கட்டணம் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டது. பெட்டி எடை சேர்த்தால் 12,849. ஓரளவு கிட்டே வந்தது, ஆனாலும் அந்த 12,100-ஐ எட்டவில்லை.

கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்றால் பயமுறுத்துவது, கடைசியில் கட்டணத்தைக் காட்டுவது, இவை விதிமீறல்கள் என்பது பலருக்குத் தெரியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. விமானம் சம்பந்தமான புகாருக்கு ஏர்சேவா தளம் இருக்கிறது. அக்கா மகன் விஷயத்தில் எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் நான்கு மாதம் மின்னஞ்சல் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஐ.ஆர்.சி.டி.சி.யிலும் விமான டிக்கெட் போடலாம். அரசு ஊழியர்கள் கவனியுங்கள்: மத்திய அரசுப் பணியாளர்கள் எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகையில் பறந்தால் ஐ.ஆர்.சி.டி.சி., பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ் மூன்றில் ஒன்றில்தான் வாங்க வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று வேறு தளத்தில் வாங்கிவிட்டுப் பில் திரும்பி வந்தவரை எனக்குத் தெரியும். தளம் அழகாக இல்லை, மெதுவாகத் திறக்கும், ஆனால் கட்டணங்கள் குறைவு, தந்திரங்களும் குறைவு.

கடைசியாக, விமான நிறுவனங்களின் சொந்தத் தளங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் 'டைகர் பிளைட்' என்று கேட்பார்கள். டைகர் 2017-லேயே ஸ்கூட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்கூட் தளத்தில் வெறும் டிக்கெட், பெட்டியோடு டிக்கெட், பெட்டியும் சாப்பாடும் சேர்த்து டிக்கெட் என்று தனித்தனியாகக் காட்டுவார்கள். தொடக்கத்திலேயே பெட்டியோடு இருப்பதைத் தேர்ந்தெடுத்தால், கடைசியில் சேர்ப்பதைவிடக் கணக்கு நன்றாக இருக்கிறது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் 'லைட்' என்று போட்டிருந்தால் பெட்டி கிடையாது, அதற்கு அடுத்த வகையைப் பார்க்க வேண்டும். எல்லா நிறுவனத்துக்கும் ஒரு விஷயம் பொது: பெட்டி எடையை விமான நிலையக் கவுண்டரில் கட்டினால் கிலோவுக்குக் கிலோ அழவைக்கும். முன்கூட்டியே ஆன்லைனில் சேர்த்துவிடுங்கள்.

சொந்தத் தளத்தில் வாங்குவதில் எனக்குப் பெரிய நிம்மதி, தவறைத் திருத்திக்கொள்ள முடிவது. மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட பயணிகள் சாசனத்தில், புறப்பட 7 நாளுக்கு மேல் இருக்கும்போது வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் கட்டணமில்லாமல் மாற்றலாம், ரத்து செய்யலாம் என்று வந்தது. பெயரில் எழுத்துப் பிழையை 24 மணி நேரத்துக்குள் சொன்னால் இலவசமாகத் திருத்த வேண்டும் என்பதும் அதில் உண்டு. இந்த மணிக் கணக்கும் நாள் கணக்கும் பிறகு மாறியிருக்கலாம், வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ரத்து செய்தால் பிடிக்கும் தொகை அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டக் கூடாது. போகாத பயணத்துக்கு விமான நிலையக் கட்டணங்களையும் வரிகளையும் திருப்பித் தர வேண்டும், 'திரும்பப் பெற முடியாத' டிக்கெட்டாக இருந்தாலும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அந்தந்த நாட்டு விதி. ஏஜென்ட் வழியே வாங்கினால் இந்த உரிமைகளைக் கேட்பதற்கே நடுவில் ஒருவரைத் தாண்ட வேண்டும்.

பெயர் விஷயம் நமக்கு மற்றவர்களைவிடப் பெரிய விஷயம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும், சிலருக்கு இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் ஒட்டி இருக்கும். தளமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் விடாது. இனிஷியல் ஒரு எழுத்தை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள், பிறகு கவுண்டரில் தகராறு. காலியாக இருந்தால் என்ன அடிக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அவர்கள் தளத்திலேயே எழுதியிருப்பார்கள். நான் அதைப் படிக்காமல் அடிப்பதில்லை. துபாய்க்குச் சுற்றுலா விசாவில் போகிறவர்கள் இன்னும் கவனம்: 2022 நவம்பரிலிருந்து பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை ஐக்கிய அரபு அமீரகம் அந்த விசாவில் அனுமதிப்பதில்லை. பாஸ்போர்ட்டைத் திருத்த வேண்டுமா என்று டிக்கெட் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

தேதியிலும் ஒரு குழி இருக்கிறது. நடுராத்திரி தாண்டிப் புறப்படும் விமானங்கள் திருச்சியில் உண்டு. 15-ஆம் தேதி 00:40 என்று போட்டிருந்தால் 14-ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15 ராத்திரி பெட்டியோடு போய் நின்ற குடும்பத்தை நான் பார்த்தேன். பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும்போது மேலே சிவப்புப் பேனாவால் "14 ராத்திரி 9 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும்" என்று எழுதிவிடுவேன்.

சென்னையிலிருந்து போனால் மலிவு என்று சொல்வார்கள். அன்றும் பார்த்தேன். பெட்டியோடு 10,700 வந்தது. ஆனால் இங்கிருந்து சென்னைக்கு ரயில், கூட ஒரு ஆள் போய் வர வேண்டும், ஒரு வேளைச் சாப்பாடு, தாம்பரத்திலிருந்து ஆட்டோ என்று சேர்த்தால் 12,100-ஐத் தாண்டிவிட்டது. திருச்சி விமான நிலையமோ எங்கள் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது, 50 கிலோமீட்டர்கூட இல்லை, பஸ் வாசலில் நிற்கும். 2024 ஜூனிலிருந்து புது டெர்மினல், வயதானவர்களுக்கு உட்கார நல்ல இடம். நான்கு பேர் குடும்பமாகப் போனால் சென்னைக் கணக்கு வேறு மாதிரி வரலாம். தனியாகப் போகும் அம்மாவுக்குத் திருச்சிதான்.

திரும்பும் டிக்கெட்டை நான் அன்று போடவில்லை. பட்ஜெட் நிறுவனங்களில் போக வரச் சேர்த்து வாங்கினால் மலிவு என்பது கிடையாது, ஒவ்வொரு வழிக்கும் தனி விலைதான். பெட்டி, சாப்பாடு எல்லாம் விலையிலேயே சேர்ந்து வரும் முழுச்சேவை நிறுவனங்களில்தான் சேர்த்து வாங்கினால் குறையும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் டிக்கெட் விலை சில தளங்களில் டாலரில் வரும். நம் கார்டில் கட்டினால் வங்கி 3.5 சதவீதம் வரை தனியாகப் பிடிக்கும். அதனால் மருமகனை அங்கிருந்தே அவர் கார்டில் போடச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: அதை மட்டும் ஆக மலிவாக எடுக்காதீர்கள், தேதி மாற்றக்கூடிய வகையாக எடுங்கள். பிரசவம் நாம் நினைத்த நாளில் ஆகாது. தங்கும் நாட்களை நீட்டிக்க வேண்டியிருக்கலாம். ஆனால் போகும்போது கையில் திரும்பும் டிக்கெட் இருக்க வேண்டும், இங்கே கவுண்டரிலும் கேட்பார்கள், அங்கே இறங்கும்போதும் கேட்கலாம். அவர் 1,800 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து மாற்றக்கூடியதாக எடுத்தார். அது வீண் செலவாகவில்லை, தேதி இரண்டு தடவை மாறியது.

12,100 ரூபாய் டிக்கெட்டை விமான நிறுவனத்தின் தளத்திலேயே போட்டோம். போன் நம்பர் அம்மாவுடையது, மின்னஞ்சல் மகளுடையது. சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் அவர்கள் அரசுத் தளத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் தேடலில் மேலே வரும், அவை வேண்டாம். டிசம்பர் 8-ஆம் தேதி வரச் சொல்லி நானே நிரப்பிக் கொடுத்தேன்.

அன்று பெட்டியில் என்னென்ன வைத்திருக்கிறார் என்றும் கேட்டேன். மசாலாப் பொடி அரைத்ததில் கசகசா போட்டிருந்தார். சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், போதைப் பொருள் பிரிவு பிடிக்கும். அமீரகத்திலும் அப்படித்தான். இது எந்த டிக்கெட் தளத்திலும் வராது. அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சரிம்மா, வீட்டுக்குப் போயி கசகசா இல்லாம மறுபடி அரைச்சுக்கறேன்" என்று பஸ்ஸுக்குக் கிளம்பினார். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் பெட்டியைப் போட்டுப் பார்த்தபோது 19 கிலோ 600 இருந்தது.